சிஸ்டம் ஃபோல்டரில் 'டூப்ளிகேட்' அழித்த பின் கணினி எழவில்லை: ஃபார்மேட் செய்வதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியதால், ஒரே மாதிரியான ஃபைல்களைத் தேடி அழிக்கும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டேன். ஆயிரக்கணக்கில் டூப்ளிகேட் இருப்பதாகக் காட்டியது. பாதிக்கு மேல் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே. 'அனுமதி இல்லை' என்று வந்தவற்றை, இணையத்தில் பார்த்த முறைப்படி உரிமையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு அழித்தேன். பதினான்கு ஜிபி மிச்சமாகும் என்றது. இரண்டு ஜிபிகூடக் கூடவில்லை. மறுநாள் ஆன் செய்தால், தானாகப் பழுதுபார்ப்பதாகச் சொல்லிச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, சரிசெய்ய முடியவில்லை என்று நீலத் திரையில் நின்றுவிடுகிறது. கீழே 'எஸ்ஆர்டி டிரெயில்' என்று ஏதோ ஒரு ஃபைலின் பெயர் தெரிகிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களும் குழந்தையின் படங்களும் இதில்தான் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஃபார்மேட் வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஃபார்மேட்டை என்றைக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். செய்த பிறகு திரும்பி வர வழி கிடையாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆய்வேடும் படங்களும் வட்டில் அப்படியே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பழுதாகியிருப்பது விண்டோஸ். அதன் ஃபைல்கள் உலகம் முழுக்க எத்தனையோ கணினிகளில் அச்சு அசலாக இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளவும் முடியும். உங்கள் இயல்கள் அப்படி எங்கும் கிடைக்காது. அதனால் முதலில் உங்களுடையது வெளியே வரட்டும். விண்டோஸை அதற்கப்புறம் பார்க்கலாம்.

அதுவரை மடிக்கணினியை அணைத்தே வையுங்கள். 'இந்தத் தடவை வந்துவிடுமோ' என்று ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வட்டில் ஏதாவது எழுதப்படுகிறது. உங்கள் சொந்த ஃபைல் ஏதேனும் தவறி அழிந்திருந்தால், அதன் மேல் புதிதாக எழுதப்படுவது நல்லதல்ல. எஸ்எஸ்டி வட்டாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: அழித்த ஃபைல் இருந்த இடத்தை 'டிரிம்' என்ற ஏற்பாட்டின் மூலம் விண்டோஸ் வட்டுக்குத் தெரிவித்துவிடும், வட்டு அதை உள்ளுக்குள் துடைத்துவிடும். அதனால்தான் 'அழித்ததை மீட்கும்' மென்பொருள்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் காட்டிய திறமையை எஸ்எஸ்டியில் காட்டுவதில்லை. அப்படி ஒன்றுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அழிந்த சிஸ்டம் ஃபைல்களை வட்டிலிருந்து தோண்டி எடுக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

பதினான்கு ஜிபி சொல்லிவிட்டு இரண்டு ஜிபிகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான தகவல் அது. பழுது எப்படிப்பட்டது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஓர் உள்ஃபோல்டர் இருக்கிறது. 2001-இல் எக்ஸ்பியோடு வந்தது; விஸ்டாவிலிருந்து விண்டோஸின் எல்லா உறுப்புகளுக்கும் அதுவே கிடங்கு. விண்டோஸ் ஓடுவதற்கு வேண்டிய முக்கிய ஃபைல்கள் இருக்கும் 'சிஸ்டம்32' ஃபோல்டரில் நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தக் கிடங்கில் இருப்பவைதான். இரண்டு இடத்திலும் தனித்தனி நகல் கிடையாது. வட்டில் தரவு ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் மட்டும் இரண்டு. வீட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயருமாக இருக்கும் ஒரே குழந்தையைப் போல. இதை 'ஹார்ட் லிங்க்' என்பார்கள். ஓடுகிற கணினி ஒன்றில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்பு ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஃப்எஸ்யுடில் கட்டளையின் 'ஹார்ட்லிங்க் லிஸ்ட்' வசதியைக் கொண்டு சிஸ்டம்32-இல் உள்ள நோட்பேடைக் கேட்டுப் பார்த்தால், அதே நோட்பேடுக்கு வின்எஸ்எக்ஸ்எஸ்ஸுக்குள் நீளமான இன்னொரு முகவரியும் இருப்பதைக் காட்டும்.

உங்கள் மென்பொருள் அந்த இரண்டு பெயர்களையும் இரண்டு ஃபைல்களாக எண்ணியிருக்கிறது. உள்ளடக்கம் துளி மாறாமல் ஒன்றாக இருக்கவே 'டூப்ளிகேட்' என்று முத்திரை குத்தி, இரண்டு மடங்கு இடம் பிடிப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. ஒரு பெயரை அழித்தால் தரவு அழியாது. கடைசிப் பெயரும் போனால்தான் இடம் காலியாகும். அதனால்தான் பதினான்கு வரவில்லை. இன்னொரு சாத்தியமும் உண்டு. அந்த மென்பொருள் ஃபைல்களை நிரந்தரமாக அழிக்காமல் ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பியிருந்தாலும் இடம் கூடாது. இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு நல்ல செய்திதான். எந்த இரட்டையை வீண் என்று அந்த மென்பொருள் சொன்னதோ, அதே இரட்டையை வைத்துத்தான் விண்டோஸ் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளப் போகிறது.

ஆனால் சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்தப் பெயர் போனது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். சிஸ்டம்32-இல் இருந்த பெயர் போய்க் கிடங்கில் இருப்பது மிஞ்சியிருந்தால், கணினி எழாது. ஆனால் சரிசெய்வது சுலபம். கிடங்கில் இருந்தது போய்ச் சிஸ்டம்32-இல் இருப்பது மிஞ்சியிருந்தால், கணினி ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அடுத்த பெரிய அப்டேட் வரும்போதுதான் 80073712 என்று முடியும் பிழை எண்ணோடு நின்றுபோகும். உங்கள் மென்பொருள் இரண்டு பக்கமும் கலந்து அழித்திருக்கலாம். கணினி எழுந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

ஒரே பெயருள்ள ஃபைல்களையும் டூப்ளிகேட்டாகக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அவை இன்னும் ஆபத்தானவை. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32, சிஸ்வாவ்64 என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். 'கெர்னல்32' என்ற டிஎல்எல் (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் ஃபைல்) இரண்டிலும் உண்டு. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பார்ப்பவர்களைக் குழப்பும்படி, 32 என்று பெயர் கொண்ட ஃபோல்டரில் 64 பிட் ஃபைல்களும், 64 என்று பெயர் கொண்டதில் 32 பிட் ஃபைல்களும் இருக்கின்றன. பழைய புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பெயரையே நம்பி எழுதப்பட்டிருந்ததால் அந்தப் பெயரை மாற்றாமல் விட்டார்கள். இதில் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் வேலை செய்யாது. ஆகவே அங்கிருந்து இங்கே கையால் நகலெடுத்து ஒட்டிச் சரிசெய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, ஃபைல்களை வெளியே எடுப்போம். ஓடுகிற வேறொரு கணினியும், எட்டு ஜிபிக்குக் குறையாத காலிப் பென் டிரைவ் ஒன்றும், உங்கள் ஃபைல்கள் முழுவதும் கொள்ளும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் தேவை. பென் டிரைவில் விண்டோஸ் நிறுவும் ஊடகத்தை மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு உருவாக்கிக்கொள்ளுங்கள். அது பென் டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுதும். முதல் வேலைக்கு இந்தப் பென் டிரைவ் தேவைப்படாமலே போகலாம்; உங்கள் கணினி நிற்கும் நீலத் திரையே போதும்.

அந்தத் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பிறகு 'டிரபிள்ஷூட்', மறுபடியும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', கடைசியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று போங்கள். இங்கே 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் பயப்பட வேண்டாம். உங்கள் வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். புதிய மடிக்கணினிகளில் உங்களைக் கேட்காமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். நீங்கள் விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஃபோன் மூலமாகவோ வேறு கணினியிலோ நுழைந்து, அங்கே பதிவாகியிருக்கும் சாதனங்களின் பக்கத்தில் தேடினால் அந்த இலக்கங்கள் கிடைக்கும். திரையில் காட்டும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். கீ இல்லாமல் அந்த வட்டை யாராலும் படிக்க முடியாது. ஆகவே பழுதுபார்க்கக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் இதைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு ஜன்னல் திறந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் வரும். ஃபைல் மெனுவில் 'ஓப்பன்' கொடுத்து, கீழே ஃபைல் வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது திறந்திருக்கும் அந்தச் சின்ன ஜன்னல்தான் உங்கள் எக்ஸ்ப்ளோரர். இடப்பக்கம் 'திஸ் பிசி'யை அழுத்தினால் டிரைவ்கள் தெரியும். வழக்கமாக சி என்று இருப்பது இங்கே டி என்றோ வேறு எழுத்திலோ வரலாம். 'யூசர்ஸ்' ஃபோல்டர் எதற்குள் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிரைவ். அந்த எழுத்தைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். யூசர்ஸுக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் வலது கிளிக் செய்து 'காப்பி' கொடுங்கள். வெளி டிஸ்க்குக்குப் போய் 'பேஸ்ட்' கொடுங்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராமல் ஜன்னல் உறைந்ததுபோல நிற்கலாம். அது நகலெடுத்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். மொத்தமாக எடுக்க அது மறுத்தால் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். ஒன்டிரைவ் என்ற ஃபோல்டர் இருந்தால் அதையும் மறக்காதீர்கள். பல கணினிகளில் டெஸ்க்டாப்பும் டாகுமெண்ட்ஸும் உண்மையில் அதற்குள்தான் இருக்கும். மின்னஞ்சலையும் பிரவுசரில் சேமித்தவற்றையும் காக்க வேண்டுமென்றால், மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரும் வேண்டும்.

இது ஒத்துவராவிட்டால் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து, நிறுவாமல், ஓட்டி ஃபைல்களை நகலெடுக்கலாம். விண்டோஸ் முழுமையாக அணையாத நிலையில் இருந்தால் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும். நகலெடுக்க அதுவே போதும்.

வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஆய்வேட்டின் இரண்டு இயல்களையும் திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். படங்களில் பத்துப் பதினைந்தைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல் இருந்தால் இப்போதே தெரிய வேண்டும். ஏதாவது ஓர் இயல் காணவில்லை என்றால், அந்த மென்பொருள் உங்கள் சொந்த ஃபோல்டரிலும் கைவைத்திருக்கலாம்; அதே இயலின் இன்னொரு பிரதி வேறு பெயரில் இருக்கும், தேடுங்கள். நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் பாருங்கள்.

இனி விண்டோஸ். நீங்கள் குறிப்பிட்ட எஸ்ஆர்டி டிரெயில் என்பது தானியங்கிப் பழுதுபார்ப்பு எழுதி வைத்த அறிக்கை. அதே நோட்பேடில், விண்டோஸ், சிஸ்டம்32, லாக்ஃபைல்ஸ், எஸ்ஆர்டி என்று உள்ளே போய் அதைத் திறக்கலாம். சோதனைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, காரணம் தெரிந்திருந்தால், பூட் ஆவதற்கு அத்தியாவசியமான இந்த ஃபைல் பழுதாகியிருக்கிறது என்று முடிவில் பெயரோடு சொல்லும். பார்த்ததும் அந்த ஒரு ஃபைலை மட்டும் வேறொரு கணினியிலிருந்து கொண்டுவந்து வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதை வைத்தால் அடுத்து இல்லாத ஃபைலின் பெயர் வரும், அதற்கடுத்து இன்னொன்று. ஆயிரக்கணக்கில் அழிந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைப்பது முடிகிற வேலையல்ல. பதிப்பு மாறிய ஃபைல் ஒன்று உள்ளே புகுந்தால் இருக்கிற குழப்பமும் கூடும்.

முதலில் 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கிறதா பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட் இருந்த அதே பக்கத்தில் இருக்கும். ஃபைல்களை அழித்த நாளுக்கு முந்தைய தேதியில் மீட்புப் புள்ளி ஒன்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். டிஎல்எல், இஎக்ஸ்இ போன்ற சிஸ்டம் ஃபைல்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். டாகுமெண்ட்களையும் படங்களையும் தொடாது. பல கணினிகளில் இந்த வசதி அணைத்தே இருக்கும் என்பதால் பட்டியல் காலியாக வந்தால் வருத்தப்பட வேண்டாம்.

அடுத்தது எஸ்எஃப்சி. விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, இல்லாததையும் கெட்டதையும் வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கிலிருந்து திரும்ப வைக்கும் கருவி. கணினி ஓடும்போது ஸ்கேன்நவ் என்று மட்டும் சொன்னால் போதும். இப்போது நீங்கள் வெளியே நின்றுகொண்டு தூங்கும் விண்டோஸைச் சோதிப்பதால், அது எந்த டிரைவில் இருக்கிறது என்று கூடவே சொல்ல வேண்டும். கறுப்பு ஜன்னலில் எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, கேள்விக்குறி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அதன் உதவிக் குறிப்பு வரும். கடைசியில் இப்படி வெளியிலிருந்து சோதிப்பதற்கான எடுத்துக்காட்டு இருக்கும். ஆஃப்பூட்டிர், ஆஃப்விண்டிர் என்ற இரண்டு சொற்களைக் கொண்டு அடையாளம் காணலாம். அதைப் பார்த்து, டிரைவ் எழுத்தின் இடத்தில் நீங்கள் குறித்து வைத்த எழுத்தைப் போட்டு, 'ஸ்கேன்நவ்'வோடு சேர்த்து அடியுங்கள். நேரம் பிடிக்கும். மின்சார ஒயரைச் செருகியே வையுங்கள்.

முடிவில் பெரும்பாலும் மூன்றில் ஒரு செய்தி வரும். கெட்ட ஃபைல்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன் என்று வந்தால் ரீஸ்டார்ட் செய்யுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தால் கிடங்கிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. குறையொன்றும் இல்லை என்று வந்தும் கணினி எழாவிட்டால், பழுது எஸ்எஃப்சி பார்க்காத இடத்தில் இருக்கிறது, உதாரணமாக நீங்களாக நிறுவிய சாதன டிரைவர்களில்.

கிடங்கே ஓட்டையாகிப்போன நிலைக்கு 'டிஸ்ம்' என்ற கருவி இருக்கிறது. ஓடுகிற விண்டோஸில் அது அருமையான கருவி: குறைகிற ஃபைல்களை விண்டோஸ் அப்டேட்டிலிருந்தே வாங்கிக் கிடங்கை நிரப்பிவிடும். எழாத விண்டோஸில் அதைப் பயன்படுத்தவும் முடியும், ஆனால் நிறுவும் ஊடகத்தில் உள்ள பதிப்பும் எடிஷனும் (ஹோம், புரோ போன்றவை) மொழியும் உங்கள் விண்டோஸோடு பொருந்தியாக வேண்டும். ஒன்று மாறினாலும் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பும். தினமும் இதையே செய்கிறவர்களையே பொறுமை இழக்க வைக்கும் வேலை. உங்கள் நகல் பத்திரமாக வெளியே இருக்கும்போது அந்த மல்லுக்கட்டு உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

அதற்குப் பதில், டிரபிள்ஷூட் பக்கத்திலேயே இருக்கும் 'ரீசெட் திஸ் பிசி'யை எடுங்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து 'கிளவுட் டவுன்லோட்' வேண்டுமா, 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' வேண்டுமா என்று கேட்கும். உங்கள் நிலையில் கிளவுட் டவுன்லோட்தான். லோக்கல் என்றால் இருக்கிற ஃபைல்களைக் கொண்டே புது விண்டோஸைக் கட்டும். ஓட்டை விழுந்த கிடங்கிலிருந்து அது கட்டி முடிப்பது சந்தேகம். கிளவுட் என்றால் நான்கு ஜிபிக்கு மேல் இறக்கும், ஆனால் வருவதெல்லாம் புதிது. உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும். நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். எவை போயின என்று ஒரு பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிடும்.

ஒரு தடை உண்டு. உங்கள் சி டிரைவ் ஏற்கெனவே நிரம்பியது. புது விண்டோஸைக் கட்ட இருபது ஜிபி அளவாவது காலியாக இருந்தால் நல்லது. நகலெடுத்துச் சரிபார்த்தாயிற்று என்றால், பெரிய வீடியோக்களை அதே நோட்பேட் ஜன்னல் வழியாகச் சி டிரைவிலிருந்து நீக்குங்கள். விண்டோஸ் ஃபோல்டர் பக்கம் போக வேண்டாம்.

ரீசெட்டும் மறுத்தால்தான் பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவது. அப்போதும் விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியை (பார்ட்டிஷன்) ஃபார்மேட் செய்யாமல், அழிக்காமல், அதன் மேலேயே நிறுவச் சொன்னால் பழைய விண்டோஸும் யூசர்ஸும் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குப் போகும். நிறுவும்போது எல்லாம் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை வரலாம். நகலை முதலிலேயே எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். விண்டோஸ்.ஓல்டில் இருந்து வேண்டியதைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள், சில நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 10 வந்த 2015 முதல் அது கணினியின் வன்பொருளோடு சேர்த்துப் பதிவாகிவிடுகிறது. அதே எடிஷனை நிறுவினால் தானாக ஆக்டிவேட் ஆகும்.

ஒருவேளை எஸ்எஃப்சியோ சிஸ்டம் ரீஸ்டோரோ கணினியை எழுப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அத்தோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, உரிமையை மாற்றினேன் என்ற வரி. விஸ்டா காலத்திலிருந்து சிஸ்டம் ஃபைல்களின் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டரிடம்கூட இல்லை. 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற சேவையிடம் இருக்கிறது. 'அனுமதி இல்லை' என்று உங்களைத் தடுத்தது அந்தப் பூட்டுதான். அதைத் திறந்துவிட்ட ஃபோல்டர்களில் இப்போது நீங்கள் மட்டுமல்ல, உங்கள் பெயரில் ஓடும் எந்த வைரஸும் எழுத முடியும். எத்தனை ஃபோல்டரில் மாற்றினீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்காது. கையால் பழையபடி மாற்ற முயன்றால் இன்னும் சிக்கலாகும்.

அதனால் எழுந்த விண்டோஸுக்குள் இருந்தபடியே அதை மறுபடி நிறுவுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் விண்டோஸ் அப்டேட் மூலமாகப் பிரச்சினையைச் சரிசெய்யும் பொத்தான் புதிய பதிப்புகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, அதைத் திறந்து, செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். விண்டோஸ் ஃபோல்டர் புதிதாகக் கட்டப்படும். கிடங்கின் ஓட்டையும் மாறிப்போன உரிமையும் ஒரே வேலையில் சரியாகிவிடும். விண்டோஸ் எழுந்த பிறகே இதைச் செய்ய முடியும். பென் டிரைவிலிருந்து பூட் செய்து இந்த வழியில் போக முடியாது.

விண்டோஸ் சரியான பிறகும் சில புரோகிராம்கள் திறக்காமல் அடம்பிடிக்கலாம். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை எஸ்எஃப்சி கவனிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டிய டிஎல்எல்களைத் தன்னிடமே வைத்திருக்கும். இரண்டு புரோகிராம்களிடம் ஒரே ஃபைல் இருந்தால் இரண்டுக்கும் அது தேவை என்றுதான் பொருள். உள்ளே ஒன்றுமே இல்லாத, அளவு பூஜ்யமான ஃபைல்களையும் இத்தகைய மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று டூப்ளிகேட் என்று காட்டுவதுண்டு. பைத்தான் என்ற நிரல் மொழியில் ஓர் ஃபோல்டரைத் தன் தொகுப்பாக அடையாளம் காட்ட வைக்கப்படும் ஃபைல் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அது இருப்பதே அதன் வேலை. மேற்கோள் நிர்வாகம், புள்ளியியல் என்று ஆய்வுக்காக நீங்கள் வைத்திருக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தகராறு செய்பவற்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி மேலேயே நிறுவுங்கள். நீக்கவும் முடியாமல் புதுப்பிக்கவும் முடியாமல் ஏதாவது ஒன்று நின்றால், விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரில் அதன் நிறுவல் ஃபைல் அழிந்திருக்கும். அதே பதிப்பின் செட்டப்பை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

இந்தக் கட்டத்தில் 'இந்த டிஎல்எல் காணவில்லை' என்று ஒரு செய்தி வரும். பெயரை அப்படியே தேடினால், அந்த ஒரு ஃபைலை இலவசமாகத் தரும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். தயவுசெய்து தொடாதீர்கள். யார் வைத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை உங்கள் கணினியின் நடுவில் கொண்டுபோய் வைப்பீர்கள். 'எம்எஸ்விசிபி140' போன்ற பெயராக இருந்தால் அது விஷுவல் சி பிளஸ்பிளஸ் தொகுப்பைச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 32 பிட், 64 பிட் இரண்டு தொகுப்புகளையும் நிறுவினால் வேலை முடிந்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மேக்கில் 2020-இல் வந்த பிக் சர் முதல் சிஸ்டம் பகுதி முத்திரையிடப்பட்டுத் தனியாக இருப்பதால், இப்படிப்பட்ட மென்பொருள் அதைத் தொட முடியாது. லினக்ஸில் ரூட் அனுமதி (முழு நிர்வாக அனுமதி) கொடுத்துவிட்டால் தொடும். ஆனால் எந்த ஃபைல் எந்தத் தொகுப்புக்குச் சொந்தம் என்று மென்பொருள்களை நிறுவும் கருவியான தொகுப்பு மேலாளருக்குத் தெரியும் என்பதால், குறைகிறதைக் கண்டறிந்து அந்தத் தொகுப்பை மட்டும் மறுபடி நிறுவிவிடலாம்.

கடைசியாக, இதெல்லாம் தொடங்கிய இடப் பற்றாக்குறை. கணினி எழுந்ததும் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் தற்காலிக ஃபைல்களை நீக்குங்கள். பழைய விண்டோஸ் நிறுவல் ஒன்று கிடந்தால் அது மட்டுமே பல ஜிபி தரும். ஹைபர்னேட் வசதியைப் பயன்படுத்தாதவர் என்றால் அதை அணைத்தால், அதற்காக ஒதுக்கிய பெரிய ஃபைலும் போய்விடும். வின்எஸ்எக்ஸ்எஸ்ஸை எக்ஸ்ப்ளோரரில் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு பெயருள்ளவற்றையும் சேர்த்து எண்ணுவதால் அதன் அளவைக் கூட்டித்தான் காட்டும். டிஸ்மின் 'அனலைஸ் காம்போனென்ட் ஸ்டோர்' கட்டளை உண்மையான அளவைச் சொல்லும். பழைய அப்டேட்களின் மிச்சத்தைக் கழிக்க வேண்டுமென்றால் 'ஸ்டார்ட் காம்போனென்ட் கிளீனப்' இருக்கிறது. அந்தக் கிடங்கில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அறிந்த கருவி அது.

டூப்ளிகேட் தேடும் மென்பொருள் உங்கள் படங்களுக்கும் டவுன்லோட்ஸுக்கும் நல்ல துணைதான். அதற்கு அந்த ஃபோல்டர்களை மட்டும் காட்டுங்கள். பெயரை வைத்துப் பார்க்காமல் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்டிரைவ் போல இணையத்தோடு ஒத்திசையும் ஃபோல்டரில் அழித்தால் ஃபோனிலும் மற்றக் கணினியிலும் சேர்ந்தே அழியும் என்பதை மனதில் வையுங்கள். அழிப்பதற்குப் பதிலாக வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு, சில வாரங்கள் எதுவும் குறையவில்லை என்று பார்த்த பிறகு நீக்குங்கள்.

எஸ்எஃப்சி சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லி, ரீசெட்டும் நடுவில் நின்றுவிட்டால், மேற்கொண்டு எதையும் முயலாமல் எனக்கு எழுதுங்கள். ரீசெட் எந்தச் சதவீதத்தில் நின்றது, திரையில் வந்த செய்தி என்ன, எஸ்ஆர்டி டிரெயில் அறிக்கையின் கடைசிப் பத்து வரிகள் என்ன என்பதை ஃபோனில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.